சுகாதார ஏற்றத்தாழ்வு ஆய்வுத் திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிடுவது எப்படி? அமெரிக்கச் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபிட்ஸ்ஹியூ முல்லனும் அவருடைய குழுவினரும் 2010இல் அமெரிக்காவின் 141 மருத்துவக் கல்லூரிகளை வரிசைப்படுத்தினார்கள். ஆய்வு நிதி எவ்வளவு, கட்டுரைகள் எத்தனை என்று அவர்கள் கேட்கவில்லை. படித்து வெளியேறியவர்களில் எத்தனை பேர் குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலை மருத்துவத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் பணிபுரிகிறார்கள், கறுப்பினத்தவர் போன்ற குறைந்த வாய்ப்புப் பெற்ற பிரிவினர் எத்தனை பேர் படித்தார்கள் என்று மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார்கள். முதல் மூன்று இடங்கள் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ், நாஷ்வில்லின் மெஹாரி, வாஷிங்டனின் ஹோவர்ட் ஆகியவற்றுக்குப் போயின. மூன்றும் கறுப்பினத்தவரின் கல்விக்காக உருவான மரபில் வந்தவை. ஆய்வு நிதியை வைத்து வரிசைப்படுத்தும் வழக்கமான பட்டியல்களில் இவற்றை முன்வரிசையில் பார்க்கவே முடியாது.

கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் போன்றோருக்குக் கல்வி தரும் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களில், ஒரு பிரிவினரின் உடல்நலம் மற்றவர்களைவிட ஏன் மோசமாக இருக்கிறது என்று பார்க்கும் சுகாதார ஏற்றத்தாழ்வு ஆய்வுகளை மதிப்பிடப் போகிறவர்கள் இந்தத் தரவரிசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது. பெரிய பல்கலைக்கழகங்களுக்காகச் செய்த அளவுகோலால் இந்தக் கல்லூரிகளை அளப்பது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அநியாயம் என்பதோடு, அப்படி அளந்து கிடைக்கும் விடையும் தவறாகத்தான் இருக்கும். அந்தத் தவற்றைத் தவிர்த்து மதிப்பீட்டை எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மதிப்பீட்டாளர்கள், திட்ட ஒருங்கிணைப்பாளர்கள், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை நினைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு

வரலாறு தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வெளிவந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்றிருந்த ஏழு கறுப்பினத்தவர் மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும்தான் மிஞ்சின. ஒரு சமூகத்துக்கு மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் உருவாக்கித் தரும் வழி பல பத்தாண்டுகளுக்கு அடைபட்டுப் போனது.

1985இல், சுகாதாரத் துறைச் செயலராக இருந்த மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுதோறும் சுமார் 60,000 மரணங்கள் கூடுதலாக நிகழ்கின்றன என்று கணக்கிட்டது. சிறுபான்மையினர் நிறுவனங்களில் ஆய்வு மையங்களை உருவாக்கும் 'ஆர்சிஎம்ஐ' திட்டமும் அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முயற்சியால் பிறந்தது. மருத்துவ ஆய்வுக்கு அமெரிக்க அரசின் நிதியை வழங்கும் தேசிய சுகாதார நிறுவனங்களின் அமைப்பான என்ஐஎச்சில் சிறுபான்மையினர் சுகாதாரத்துக்கென ஒரு தனி மையம் 2000இல் சட்டத்தின் வழியே அமைந்தது. அது 2010இல் முழுமையான தேசிய நிறுவனமாக, என்ஐஎம்எச்டியாக உயர்ந்தது. ஆர்சிஎம்ஐ இப்போது அதன் பொறுப்பில் இருக்கிறது. ஆர்சிஎம்ஐ தரும் மானியம் கட்டடம், கருவி, ஆய்வுக் கூடத்தோடு நிற்பதில்லை. இளம் ஆய்வாளர்களை வளர்க்க ஒரு பிரிவும், ஊர் மக்களோடு சேர்ந்து செயல்பட ஒரு பிரிவும் ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பீடு இந்த எல்லாப் பிரிவுகளையும் தொட வேண்டும்.

படி 1: கேள்வி யாருடையது?

நிதி தருபவர், கொடுத்த பணம் என்ன ஆனது என்று கேட்பார். கல்லூரி நிர்வாகம் அடுத்த மானியம் கிடைக்குமா என்று பார்க்கும். ஆய்வில் இரத்தம் கொடுத்த, கேள்வித்தாள் நிரப்பிய மக்கள், 'எங்கள் தெருவில் என்ன மாறியது?' என்று கேட்பார்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் முதல் கேள்விக்கு நாற்பது பக்கமும் மூன்றாவதற்கு ஒரு பத்தியும் ஒதுக்குகின்றன.

நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999இல் வெளியிட்ட மதிப்பீட்டுச் சட்டகத்தின் முதல் படியே, தொடர்புடையவர்களை உள்ளே கொண்டுவருவதுதான். அதை ஒரு சடங்காக்கிவிடாதீர்கள். மதிப்பீட்டுக் குழுவில் ஊர் மக்களின் பிரதிநிதிகள் இருக்கட்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். அது முதல் ஆண்டு வரவு செலவிலேயே ஒரு வரியாக இடம்பெறட்டும். ஏற்கெனவே அச்சிட்ட கேள்வித்தாளைக் காட்டித் தலையசைப்பு வாங்குவதைப் பங்கேற்பு என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

மதிப்பீட்டாளரின் சம்பளம் பெரும்பாலும் அதே மானியத்திலிருந்துதான் வரும். அதில் தவறில்லை. ஆனால் அவருடைய அறிக்கை மைய இயக்குநரின் மேசைக்கும் வெளி ஆலோசனைக் குழுவுக்கும் ஒரே நாளில் போய்ச்சேர வேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். பின்னால் வரக்கூடிய பல சங்கடங்களைத் தவிர்க்கலாம்.

படி 2: தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள்

மானியம் வந்த முதல் சில மாதங்களிலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது. மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்துகொண்டு 'அப்போது எப்படி இருந்தது?' என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை கிடைக்கும்.

முதலாவது, நிறுவனத்தின் நிலை. ஆர்சிஎம்ஐ மானியத்துக்குத் தகுதி பெறும் நிறுவனம், கடைசி மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கும் குறைவாகவே என்ஐஎச் நிதி பெற்றிருக்க வேண்டும். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் இதைப்போலப் பல மடங்கு பெறுகின்றன. எனவே ஆசிரியர் ஒருவர் ஒரு பருவத்தில் எத்தனை பாடங்கள் நடத்துகிறார், மானிய விண்ணப்பங்களைக் கையாளும் அலுவலகத்தில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு எத்தனை நாள் ஆகிறது, புள்ளியியலாளர் இருக்கிறாரா என்பதையெல்லாம் குறித்து வையுங்கள். அற்ப விவரங்களாகத் தோன்றும். ஆனால் ஐந்தாண்டு கழித்து ஒப்புதல் பெறும் காலம் தொண்ணூறு நாளிலிருந்து முப்பது நாளாகக் குறைந்திருந்தால், அந்தக் கல்லூரியில் அடுத்து வரும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அது பயன்படும். கட்டுரைப் பட்டியலில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

இரண்டாவது, ஆய்வாளர்கள் எந்தக் களத்தில் போட்டியிடுகிறார்கள் என்பது. டோனா ஜின்தர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கல்வி, பயிற்சி, முந்தைய மானியம், கட்டுரைகள் போன்ற பலவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின ஆய்வாளர்களின் விண்ணப்பம் என்ஐஎச் மானியம் பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு இந்த இடைவெளியில் 20 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு ஆய்வுத் தலைப்பைப் பொறுத்தது என்று கண்டது. சமூகம், மக்கள்தொகை சார்ந்த தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தலைப்புகளுக்கு மானியம் கிடைக்கும் விகிதமோ குறைவு. சுகாதார ஏற்றத்தாழ்வு ஆய்வு பெரும்பாலும் அந்தத் தலைப்புகளில்தான் நடக்கிறது. ஆகவே தேசியச் சராசரி வெற்றி விகிதத்தை இலக்காக வைப்பது பொருந்தாது. அதே நிறுவனத்தின் முந்தைய நிலையையும், அதே துறையில் எழுதப்பட்ட விண்ணப்பங்களின் நிலையையும் இலக்காக வையுங்கள்.

மூன்றாவது, ஊரின் நினைவு. அலபாமாவில் டஸ்கீகி நகரை மையமாக வைத்து 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை நடத்திய சிஃபிலிஸ் ஆய்வில், நோயுற்ற 399 கறுப்பின ஆண்கள் சிகிச்சையின்றி விடப்பட்டார்கள். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. அந்தப் பகுதியில் ஆய்வாளர் ஒருவர் கதவைத் தட்டும்போது வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும் என்பதும் தொடக்க நிலையின் ஒரு பகுதியே. இதற்கு முன்பு அந்த ஊரில் எந்தெந்த ஆய்வுகள் நடந்தன, அவற்றின் முடிவுகளை யாராவது திரும்ப வந்து சொன்னார்களா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

படி 3: எது எதற்கு வழிவகுக்கும் என்று வரைந்து பாருங்கள்

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. மிசிசிப்பியில் உள்ள ஒரு கல்லூரி, தேவாலயங்கள் வழியாக உயர் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆய்வைத் தொடங்குகிறது. மானியத்தில் செவிலியர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். தேவாலயத் தொண்டர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. ஞாயிறு வழிபாடு முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அதிகமாக இருப்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே மருந்து எழுதித் தருகிறார்கள். மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் குறையும். பல ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் குறையும்.

இந்தச் சங்கிலியைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வோர் அம்புக்குறிக்கும் மேலே, அது நடக்க எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். 'மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்' என்பதற்கும் 'மருந்து எழுதித் தருகிறார்கள்' என்பதற்கும் இடையே, அவரிடம் காப்பீடு இருக்க வேண்டும் என்று எழுத வேண்டியிருக்கும். ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டை விரிவுபடுத்தாத மாநிலங்களில் மிசிசிப்பியும் ஒன்று. அந்த ஓர் அம்பு முறிந்தால், தொண்டர்கள் எவ்வளவு திறமையாகப் பணியாற்றியிருந்தாலும் கடைசி எண் நகராது. மதிப்பீட்டாளர் இதை முதல் நாளே எழுதி வைத்திருந்தால், பிற்பாடு 'திட்டம் தோற்றது' என்று எழுதாமல் சங்கிலி எங்கே அறுந்தது என்று சுட்டிக்காட்ட முடியும்.

இந்த வரைபடத்தைச் சரிபார்க்க என்ஐஎம்எச்டி வெளியிட்ட ஆய்வுச் சட்டகம் உதவும். அது ஒரு பக்கம் உடலியல், நடத்தை, வாழிடம், சமூகப் பண்பாட்டுச் சூழல், மருத்துவ அமைப்பு என்றும், மறுபக்கம் தனிமனிதர், உறவுகள், சமூகம், நாடு என்றும் கட்டம் போட்டுக் காட்டுகிறது. உங்கள் திட்டம் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது, ஏற்றத்தாழ்வின் வேர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இரண்டையும் குறித்துப் பாருங்கள். பல திட்டங்கள் தனிமனித நடத்தை என்னும் கட்டத்தில் உழைக்க, காரணமோ வாழிடக் கட்டத்தில் இருக்கும். பொருத்தமின்மை தெரிந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

காலத்தையும் குறியுங்கள். ஆய்வுக் கண்டுபிடிப்பு அன்றாட மருத்துவத்தில் நுழைய 17 ஆண்டுகள் ஆகும் என்ற கணிப்பு இத்துறையில் அடிக்கடி சொல்லப்படுகிறது. மானியமோ பெரும்பாலும் ஐந்தாண்டு. ஐந்தாண்டுக்குள் சங்கிலியின் எந்தக் கண்ணி வரை எட்ட முடியும் என்று ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அப்பால் இருப்பதை இலக்கு என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

படி 4: எதை எண்ணுவது?

இங்கேதான் நிதானம் தேவை. எண்ண எளிதாக இருப்பவை முன்னால் வந்து நிற்கும்.

கட்டுரைகளில் தொடங்குவோம். வெறும் எண்ணிக்கையும் வெறும் மேற்கோள் எண்ணிக்கையும் போதாது. சமூகச் சுகாதார இதழ்களில் வரும் கட்டுரை மூலக்கூறு உயிரியல் கட்டுரை அளவுக்கு மேற்கோள் பெறாது. என்ஐஎச் உருவாக்கிய ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அது ஒரு கட்டுரையை அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிடுகிறது. 1.0 என்றால் என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்பில், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடத்தில், இருக்கிறது என்று பொருள். சிறிய நிறுவனங்களில் கட்டுரைகள் குறைவு என்பதால் சராசரியைத் தவிர்த்து நடுமதிப்பைக் கொடுங்கள். ஒரே ஒரு கட்டுரை மிகப் பிரபலமானால் சராசரி பொய் சொல்லும்.

அடுத்து, வளர்ந்த மனிதர்கள். ஓர் எண்ணை நெருக்கமாகப் பார்ப்போம்: 'சிறு மானியம் பெற்ற இளம் ஆய்வாளர்களில் வெளி மானியம் வென்றவர்கள்'. எளிதாகத் தோன்றும். பன்னிரண்டு பேருக்குச் சிறு மானியம் கொடுத்ததாகக் கொள்வோம். ஐந்து பேர் வெளி மானியம் வென்றார்கள். இரண்டு பேர் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள், அவர்களில் ஒருவர் போன இடத்தில் மானியம் வென்றார். ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். ஒருவர் மாநிலச் சுகாதாரத் துறை வேலைக்குப் போய்விட்டார். விடை பன்னிரண்டில் ஐந்தா, ஆறா? பத்தில் ஐந்தா? முடிவு தெரிந்த பிறகு இதைத் தீர்மானித்தால் எல்லாரும் தங்களுக்கு வசதியான விடையைத் தேர்ந்தெடுப்பார்கள். எனவே பின்னத்தின் மேலே யாரை எண்ணுவது, கீழே யாரை எண்ணுவது, எத்தனை ஆண்டுக்குள், எந்தத் தரவுத்தளத்திலிருந்து, போனவர்களை எப்படிக் கணக்கிடுவது என்று ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதி, திட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனவரை என்ன செய்வது? நாட்டின் ஆய்வுலகுக்கு அது ஆதாயம், கல்லூரிக்கு இழப்பு. இரண்டையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். வெற்றிக் கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், திறமையை வளர்த்துக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்கும் நிறுவனங்களின் வலி அறிக்கையிலிருந்து மறைந்துவிடும்.

மூன்றாவது, ஊருக்குக் கிடைத்தவை. செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் முன்வைத்த பயன் மாதிரி, மருத்துவம், சமூகச் சுகாதாரம், பொருளாதாரம், கொள்கை என்று நான்கு பிரிவுகளில் முப்பது பயன்களைப் பட்டியலிடுகிறது. முப்பதையும் எடுத்துக்கொண்டால் ஊழியர்கள் படிவம் நிரப்பியே ஓய்ந்துபோவார்கள். ஊர் மக்களோடு அமர்ந்து ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூரில் எத்தனை பேருக்கு ஆய்வில் சம்பள வேலை கிடைத்தது என்பதை நான் எப்போதும் சேர்க்கச் சொல்வேன்.

இவை எல்லாம் ஒன்றாகச் சேரும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு ஜாக்சன் இதய ஆய்வு நல்ல சான்று. 2000 முதல் 2004 வரை மிசிசிப்பியின் ஜாக்சன் பகுதியில் 5,306 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அதில் சேர்ந்தார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தோடு, ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகம், டூகலூ கல்லூரி என்னும் இரண்டு கறுப்பினத்தவர் கல்வி நிறுவனங்களும் அதில் பங்காளிகள். டூகலூவில் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி தந்தார்கள். ஊரில் சுகாதார ஆலோசகர்களை உருவாக்கினார்கள். இந்த ஆய்வைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர், அந்த மாணவர்கள் பிற்காலத்தில் எங்கே போனார்கள் என்ற கேள்வியைத் தவறவிடுவார்.

படி 5: இடைவெளியை இரண்டு விதமாகக் கணக்கிடுங்கள்

'ஏற்றத்தாழ்வு குறைந்ததா?' என்ற கேள்விக்கு ஒரே தரவு இரண்டு விடை தரக்கூடும். பேறுகால மரணத்தை எடுத்துக்கொள்வோம். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்பினப் பெண்களிடையே 69.9 மரணங்கள், வெள்ளையரிடையே 26.6. 2022இல் அவை 49.5, 19.0 என்று குறைந்தன. கழித்துப் பார்த்தால் இடைவெளி 43.3இலிருந்து 30.5ஆக இறங்கியிருக்கிறது. நல்ல செய்தி. வகுத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டிலும் கறுப்பினப் பெண்கள் இறக்கும் வீதம் சுமார் 2.6 மடங்குதான். அதில் மாற்றமே இல்லை. ஒன்றை மட்டும் வெளியிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். இரண்டையும் அருகருகே கொடுங்கள், இரண்டு பிரிவினரின் மூல எண்களையும் கொடுங்கள். வெள்ளையரின் நிலை மோசமானதால் இடைவெளி குறைந்திருந்தால் அதை முன்னேற்றம் என்று யாரும் கொண்டாட மாட்டார்கள்.

பிரிவுகளையும் கவனியுங்கள். 1997 வரை அமெரிக்க அரசின் வகைப்பாட்டில் ஹவாய் பூர்வகுடியினரும் ஆசியரும் ஒரே பெட்டியில் இருந்தார்கள். பிரித்த பிறகுதான் ஹவாய் மக்களின் நோய்ச்சுமை தெளிவாகத் தெரிந்தது. 'ஆசியர்' என்ற பெட்டிக்குள் இன்னும் பலர் ஒளிந்திருக்கிறார்கள், தமிழர் உட்பட. தெற்காசியர்களின் இதய நோயைத் தனியே பார்ப்பதற்காகவே சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 2010 முதல் மசாலா என்ற பெயரில் ஒரு நீண்டகால ஆய்வு நடக்கிறது. முடிந்தவரை பிரித்துச் சேகரியுங்கள். ஆனால் வெளியிடும்போது, பத்துக்கும் குறைவானவர்கள் உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள். சிறிய ஊரில் வயதும் நோயும் தெரிந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

தரவு யாருடையது என்பதையும் இந்தப் படியிலேயே எழுத்தில் தீர்த்துவிட வேண்டும். கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் பூர்வகுடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வு என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். பிற்பாடு அது மனநோய், மூதாதையரின் இடப்பெயர்வு போன்ற வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது தெரியவந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடும், இரத்த மாதிரிகளைத் திருப்பித் தருவதும் என்று தீர்வு ஏற்பட்டது. நவஹோ பூர்வகுடியினரின் தன்னாட்சி அமைப்பான நவஹோ நாடு 2002இலேயே மரபணு ஆய்வுகளைத் தன் எல்லைக்குள் நிறுத்தி வைத்துவிட்டது. பூர்வகுடிக் கல்லூரிகளில் மதிப்பீடு செய்பவர் கல்லூரியின் நெறிமுறைக் குழுவோடு நிறுத்திக்கொள்ளாமல் பூர்வகுடி மன்றத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். மதிப்பீட்டுத் தரவுக்கும் அது பொருந்தும்.

படி 6: திட்டம் இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா?

மேலே சொன்ன பேறுகால மரண எண்களையே பாருங்கள். கொவிட் பெருந்தொற்று தணிந்தது 2022இன் சரிவுக்கு முக்கியக் காரணம். அந்த ஆண்டில் தாய்மார் நலத் திட்டம் நடத்திய எந்தக் கல்லூரியும் 'எங்கள் மாவட்டத்தில் மரணம் குறைந்தது' என்று சொல்லியிருக்க முடியும். ஒப்பீடு இல்லாமல் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

தேவாலய எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். திட்டம் நடந்த தேவாலயங்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 42 சதவீதத்திலிருந்து 55 ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம். 13 புள்ளி உயர்வு. திட்டம் இன்னும் போய்ச்சேராத, அதே போன்ற தேவாலயங்களில் 43இலிருந்து 49. அங்கேயும் 6 புள்ளி உயர்ந்திருக்கிறது. திட்டத்தின் பங்கு என்று 7 புள்ளிகளைத்தான் சொல்லலாம். 13 என்று தலைப்பில் போட ஆசை வரும். 7 என்பதே பெரிய சாதனை, அதைத் தெளிவாகச் சொன்னால் போதும். ஒப்பீட்டுத் தேவாலயங்களை நிரந்தரமாக ஒதுக்கிவைப்பது முறையாகாது. முதலாண்டு சிலருக்கு, அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கு என்று குலுக்கலில் வரிசை போட்டால் நீதியும் கெடாது, ஒப்பீடும் கிடைக்கும்.

நிறுவன அளவில் இது கடினம். ஆர்சிஎம்ஐ மையங்கள் நாடு முழுவதும் சுமார் இருபதுதான். வரலாறும் மாநில அரசும் ஒத்துப்போகும் ஒப்பீட்டுக் கல்லூரியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது மதிப்பீட்டு நிபுணர் ஜான் மேய்ன் முன்வைத்த பங்களிப்புப் பகுப்பாய்வு கைகொடுக்கும். படி 3இல் வரைந்த சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று திரட்டுங்கள். அதே விளைவைத் தந்திருக்கக்கூடிய வேறு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எவ்வளவு பொருந்துகின்றன என்று சோதியுங்கள். 'இந்த விளைவை நாங்கள்தான் உண்டாக்கினோம்' என்று சொல்ல முடியாவிட்டாலும், 'இதில் எங்கள் பங்கு இது, சான்று இது' என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

படி 7: கேளுங்கள்

எண்கள் அசையாத இடங்களில் மாற்றம் நடந்திருக்கலாம். வங்கதேசக் கிராமங்களில் பணியாற்றியபோது ரிக் டேவிஸ் உருவாக்கிய முறை ஒன்று இங்கே நன்றாகப் பயன்படும். 'கடந்த ஓராண்டில் உங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றிய மாற்றம் எது? ஏன்?' என்று மக்களிடம் கேட்டுக் கதைகளைத் திரட்ட வேண்டும். பிறகு எந்தக் கதை முக்கியமானது என்று அவர்களே விவாதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த விவாதத்தையும் பதிவு செய்யுங்கள். எதை ஏன் விட்டார்கள் என்பதில்தான் நிறையத் தெரியவரும்.

திட்டத்திலிருந்து பாதியில் விலகியவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். நன்றி சொல்ல வருபவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

படி 8: முதலில் ஊருக்கு, பிறகு வாஷிங்டனுக்கு

இரண்டு பக்க அறிக்கை போதும். ஊர்க்காரர் பேசும் மொழியில் இருக்கட்டும். போர்ட்டோ ரிக்கோவில் என்றால் ஸ்பானிய மொழியில். அவர்கள் படித்து, கேள்வி கேட்டு, திருத்தம் சொன்ன பிறகு நிதி தருபவருக்கு அனுப்புங்கள். பலன் தராத முயற்சிகளையும் வெளியிடுங்கள். மறைத்தால் அதே முயற்சியை இன்னொரு கல்லூரி தன்னிடமுள்ள கொஞ்சப் பணத்தைச் செலவழித்து மீண்டும் செய்து பார்க்கும்.

படி 9: பணம் நின்ற பிறகு

இதை முன்பெல்லாம் கடைசியாக யோசிக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். இனி அப்படி இருக்க முடியாது. 2025இல் சுகாதார ஏற்றத்தாழ்வு குறித்த என்ஐஎச் மானியங்கள் பலவும் நடுவிலேயே ரத்தாயின. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை அனுப்பிய வரவு செலவு முன்மொழிவு என்ஐஎம்எச்டியையே நீக்கச் சொன்னது. ஐந்தாம் ஆண்டு இறுதியில் எல்லாவற்றையும் கணக்கிடலாம் என்று காத்திருந்தவர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. நாற்பது ஆண்டுக்கால உழைப்பில் உருவான ஒரு கட்டமைப்பைக் காப்பாற்ற வாதாடும் நேரத்தில், கையில் சான்று இல்லாமல் நிற்பது பெரிய துயரம்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அந்த ஆண்டோடு திட்டம் நின்றுவிட்டது போலவே கணக்கை முடியுங்கள். அடையாளம் நீக்கிய தரவின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்திலும், ஒப்பந்தப்படி ஊர் அமைப்பிடமோ பூர்வகுடி மன்றத்திடமோ இன்னொன்றும் இருக்கட்டும். எண்களின் வரையறைப் பக்கங்களும் கூடவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருபவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. பயிற்சி பெற்றவர்களிடமும் ஆய்வில் பங்கேற்றவர்களிடமும் பத்தாண்டு வரை தொடர்புகொள்ள முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மானியம் முடிந்த இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் நான்கு விவரங்களை மட்டும் விசாரியுங்கள்: செவிலியர் பணியிடம் நிலைத்ததா, ஆய்வுக் கருவி இயங்குகிறதா, பயிற்சி பெற்ற தொண்டர்கள் இன்னும் இரத்த அழுத்தம் பார்க்கிறார்களா, இளம் ஆய்வாளர்கள் எங்கே இருக்கிறார்கள். இந்த விசாரணைக்கு ஆகும் செலவு சிறியது. அதை யார் ஏற்பது, எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று கல்லூரியின் துணைவேந்தரிடம் முதல் ஆண்டிலேயே கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.